நம் தெருப் பிள்ளைகளின் தோல் ரஃப் நோட்டு அல்ல

கடந்த ஏப்ரல் 14. சிதம்பரத்தை அடுத்த எங்கள் காலனியில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். காலையில் கொடியேற்றினோம், பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுத்தோம். ஏணியில் ஏறிப் படத்துக்கு மாலை போட்ட அண்ணன் ஒருவர், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டனையும் மாட்டியிருந்தார். ஏன் என்று கேட்டோம். சிரித்து மழுப்பினார். பிறகு ஓரமாக அழைத்துப் போய்ப் பட்டனைக் கழற்றிக் காட்டினார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அவர் கையில் குத்திய அம்பேத்கர் அது. வட்டக் கண்ணாடியின் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் இருந்தன. தலைமுடிக்குப் போட்ட ஷேடிங் வெளுத்துப்போய், தலை வழுக்கையாகத் தெரிந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்.

“வேல செய்யுற எடத்துல ஒருத்தன் கேட்டான், என்னாண்ணே காந்தி தாத்தாவக் குத்தியிருக்கீங்களான்னு. அன்னையிலேருந்து சட்டைய மடிக்கிறதில்லப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்குப் பரவாயில்லை.

பச்சை குத்திப் பிழைக்கும் காலனிப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். இருவர் சிதம்பரத்தில், ஒருவர் கடலூரில். அன்று மாலை எங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றி, ஆரம்ப நாட்களில் நாங்கள் குத்திய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்த்ததை இங்கே எழுதுகிறோம். தற்பெருமைக்கு இதில் இடமில்லை.

பழகிய இடம் எது?

தோலில் மேல்தோல் ஒன்று, அதற்கடியில் உள்தோல் ஒன்று. மை உள்தோலில் போய்த் தங்கினால்தான் நிற்கும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் எல்லாக் கணக்கும் முடிந்துவிடும். ஊசி ஆழம் போதாவிட்டால் புண் ஆறும்போதே மை உதிர்ந்துவிடும். அதிகம் இறங்கினால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் கட்டும். கை அழுத்தினால் தோல் தடித்துத் தழும்பாகும். இந்தக் கணக்கு கைக்குப் பிடிபட எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த இரண்டு ஆண்டுகளும் நாங்கள் எதில் பழகினோம்? பன்றித் தோலில் பழகலாம், வாழைப்பழத் தோலில் பழகலாம், பயிற்சிக்கென்றே ரப்பர் தோல் விற்கிறது. நாங்கள் பழகியது எங்கள் தெருப் பையன்களின் கைகளில். “ஓசியிலே குத்துறோம், வாடா” என்றால் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பையன் கையில் ‘அம்மா’ என்று எழுதினோம். ம் மேல் இருக்க வேண்டிய புள்ளியை விட்டுவிட்டோம். இன்றுவரை அவன் கையில் இருப்பது ‘அமமா’. இன்னொருவனுக்கு முழங்கையில் போட்ட சிங்கம், அவனை இன்றும் ‘பூனை’ என்ற பட்டப்பெயரோடு நடக்க வைத்திருக்கிறது. ஊரே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். வேறு என்ன செய்வான்?

கை தேர்ந்த பிறகு என்ன செய்தோம்? டவுனுக்குப் போய்க் கடை போட்டோம். மெல்லிய கோடும், சுத்தமான ஷேடிங்கும் காசு கொடுத்தவர்களுக்குப் போயின. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை இதுதான்: எங்கள் நல்ல வேலையெல்லாம் டவுனில் இருக்கிறது, எங்கள் மோசமான வேலையெல்லாம் எங்கள் தெருவில் இருக்கிறது.

இது தொழில் பழகும் எல்லாருக்கும் நடப்பதுதானே என்று சிலர் சொல்லலாம். முடிவெட்டப் பழகுகிறவன் கெடுத்த தலை ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். தைக்கப் பழகுகிறவன் கெடுத்த துணியைப் பிரித்துத் தைக்கலாம். தோல் அப்படி அல்ல. நம் மக்களை ரஃப் நோட்டாகப் பார்க்கிறவர்கள் வெளியே நிறைய உண்டு. தண்ணீர்த் தொட்டியானாலும், சுடுகாட்டுப் பாதையானாலும், நமக்கு வருவது கடைசியில்தான், அதுவும் அரைகுறையாகத்தான். அதைக் கண்டித்து ஊர்வலம் போன நாங்களே, எங்கள் பிள்ளைகளின் தோலை ரஃப் நோட்டாக வைத்துக்கொண்டோம். எங்கள் ஆரம்ப வேலையின் முதல் குற்றம் கை நடுக்கம் அல்ல, இதுதான்.

ஆயாவின் கையைப் பார்க்காமல்

இரண்டாவது குற்றம், கறுப்புத் தோலைப் பற்றியது. “ஒன் கலருக்கு இது எடுக்காதுப்பா” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! காதலியின் பெயரைச் சிவப்பில் குத்தச் சொன்ன பையனிடம் சொன்னோம். மயில் கேட்ட பெண்ணிடம் சொன்னோம். பள்ளியிலும், பெண் பார்க்கப் போன இடத்திலும் அவர்கள் ஏற்கெனவே கேட்ட சொல்லை, தங்கள் தெரு ஆள் வாயிலிருந்தும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

உண்மை என்ன? மேல்தோலில் இருக்கும் நிறத்தின் வழியாகத்தான் உள்தோலில் இருக்கும் மை வெளியே தெரிகிறது. கறுப்புத் தோலில் வெளிர் நிறங்கள் மங்கும். கறுப்பு மையில், தடித்த கோட்டில், கோட்டுக்கும் கோட்டுக்கும் போதிய இடைவெளி விட்டுக் குத்தினால் அழகாகவே நிற்கும். அந்த அண்ணன் கையில் அம்பேத்கரை மூன்று அங்குலத்தில் அடக்கி, கண்ணைச் சுற்றி மயிரிழைக் கோடுகளாக நெருக்கியது நாங்கள். வருடம் ஏற ஏற மை பரவும், நெருங்கிய கோடுகள் ஒன்றாகிவிடும். வெள்ளைத் தோலுக்கு வரைந்த வெளிநாட்டுப் படங்களை செல்போனில் பார்த்து அப்படியே இறக்கியதன் பலன் இது. எங்கள் அறியாமையை அவர்கள் தோலின் குறையாகச் சொல்லிவிட்டோம்.

இதற்கு விடை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஆயாவின் முன்கையில் கோலம் இருக்கிறது, தேள் இருக்கிறது, தாத்தாவின் பெயர் இருக்கிறது. நாற்று நட்டு, களை பறித்து, அறுபது வருடம் வெயிலில் காய்ந்த கை. புள்ளி புள்ளியாக இன்றும் படிக்க முடிகிறது. குத்தியவர்கள் கூடையோடு ஊர் ஊராக வந்த குறவர் சமூகத்துப் பெண்கள். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை எடுத்து மை செய்வார்கள். அதைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பது வழக்கம். பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள், வலி தெரியாமல் இருக்க. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் குறவர் பெண்களின் இந்தத் தொழில் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பெண்களுக்கு ஒரு சட்டம் முத்திரை குத்தியிருந்ததையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1871ல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இங்கே அது நீங்கியது 1947ல்தான். பிறப்பிலேயே குற்றவாளி என்று அரசாங்கம் எழுதிவைத்த பெண்கள், எங்கள் ஆயாவின் கையைப் பிடித்து, என்ன வேண்டும் என்று கேட்டு, கறுப்புத் தோலுக்கேற்ற கோட்டில் குத்திவிட்டுப் போனார்கள். நாங்கள் அந்தக் கையைப் பட்டிக்காட்டுப் பச்சை என்று கேலி பேசிவிட்டு, தொழில் கற்க வெளியே ஓடினோம்.

மின்சார பச்சை மெஷினுக்கு நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி காப்புரிமை வாங்கியது 1891ல், அம்பேத்கர் பிறந்த அதே ஆண்டில். எடிசனின் மின்சாரப் பேனாவை வைத்து உருவாக்கியது அது. மெஷின் வேகம் தருகிறது. யார் தோலில், எதை, எப்படிக் குத்துவது என்ற அறிவை அது தராது. அது ஆயாவின் கையில் இருந்தது.

மடியில் கை, தண்ணீர் வேண்டாம்

மூன்றாவது குற்றத்தை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. நாங்கள் சாதிப் பெயர் குத்தியிருக்கிறோம்.

கடை போட்ட புதிதில் ஊர்த்தெருப் பையன் ஒருவன் வந்தான். சாதிப் பெயரை முன்கையில் பெரிய எழுத்தில், வாளோடு சேர்த்துக் கேட்டான். நாங்கள் எந்தத் தெரு என்று அவனுக்குத் தெரியும். மூன்று மணி நேரம் கையை எங்கள் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ரத்தத்தைத் துடைத்தோம். நடுவில் முகம் வெளிறியது. தண்ணீர் குடிக்கிறாயா என்று டம்ளரை நீட்டினோம். “வேணாண்ணே” என்று வெளியே போய் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் எங்கள் மடியில் கையை வைத்தான். மிச்சமிருந்த எழுத்துகளை முடித்துக் கொடுத்தோம். காசை எண்ணி வாங்கினோம். கோடுகள் நேராக இருந்தன என்று அன்று எங்களுக்குப் பெருமை வேறு.

தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. அவன் டம்ளரைத் தொடவில்லை. நாங்களோ அவன் சாதியை அவன் தோலில் நிரந்தரமாக்கிக் கொடுத்தோம். அந்தக் கை நாளை பள்ளி வாசலிலும் பேருந்திலும் தேர்த் திருவிழாவிலும் எங்கள் பிள்ளைகள் முன்னால்தான் நீளும். கூலிக்கு அரிவாள் தீட்டிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அவர்களுக்குக் குத்தினோம் என்பதோடு கதை முடியவில்லை. நம் பையன்கள் நம் சாதிப் பெயரைக் கேட்டபோது, “அவனுங்க குத்திக்கிறானுங்க, நாமளும் குத்திக்கிட்டா என்னா” என்று அதையும் குத்தினோம், சில நேரம் அம்பேத்கர் படத்துக்குக் கீழேயே. சாதியை ஒழிக்க வேண்டும் என்று 1936ல் புத்தகம் போட்டவர் படத்தின் கீழே சாதிப் பெயர்! அண்ணலின் முகம் காந்தியாக மாறியதைவிட இதுதான் பெரிய பிழை. முகம் மாறினாலும் திருத்திவிடலாம். இது அவர் சொன்னதையே மாற்றி எழுதுவது.

அடங்கிப் போகாமல் அடையாளத்தைக் காட்டுவது தப்பா என்று தோழர்கள் கேட்பார்கள். தப்பில்லை. நீலமும் அம்பேத்கரும் சாதியின் அடையாளம் அல்ல, அதை எதிர்ப்பதன் அடையாளம். அதைக் குத்திக்கொள்கிறவர் வயது வந்து, யோசித்து, நாளை எதிர்ப்பு வந்தாலும் நிற்பேன் என்று குத்திக்கொண்டால் எங்கள் மெஷின் அவருக்குத் துணை. சாதிப் பெயருக்கு, அது எந்தச் சாதியாக இருந்தாலும், இனி எங்கள் மெஷின் ஓடாது.

யார் எழுதுவது, யார் கேட்டது

தோலில் எழுதுவது விளையாட்டு அல்ல என்பதற்கு இந்த நாட்டிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 1993ல் அமிர்தசரஸில் சான்சி சமூகத்துப் பெண்களைப் பிடித்த போலீஸ்காரர்கள், அவர்கள் நெற்றியில் ‘பிக்பாக்கெட்’ என்ற பொருள்படும் சொல்லைப் பச்சை குத்தினார்கள். அந்தச் சமூகமும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பட்டியலில் இருந்ததுதான். வழக்கு நடந்து சிபிஐ நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2016 ஆனது. தண்டனை வந்தபோதும் நெற்றியின் கதை முடியவில்லை.

மற்றொரு சாட்சி சத்தீஸ்கரின் ராம்நாமி மக்கள். கோயிலுக்குள் விடப்படாத தலித் மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ராமன் பெயரைத் தங்கள் உடம்பிலேயே எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். சிலர் முகம், தலை, நாக்கு வரை எழுதிக்கொண்டார்கள். கதவைச் சாத்தியவனுக்கு அவர்கள் தந்த பதில் அது. வெளியே நின்ற நந்தனாரின் கதையைக் கேட்டு வளர்ந்த சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வலியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர், டவுனில் வேலைக்குப் போகும் இடத்தில் ஒதுக்குவார்கள் என்று உடம்பு முழுக்கக் குத்திக்கொள்வதை விட்டுவிட்டார்கள். தாத்தா எழுதியது தாத்தாவின் முடிவு. வேண்டாம் என்பது பேரனின் முடிவு. இரண்டும் மதிக்கத் தக்கவை.

அமிர்தசரஸில் அதிகாரம் எழுதியது. சத்தீஸ்கரில் மக்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் நாங்கள் எழுதியது இதில் எந்தப் பக்கம்? பையன்கள் சம்மதித்துத்தான் கையை நீட்டினார்கள். ஆனால் பதினான்கு, பதினைந்து வயது. எந்த இடத்தில் குத்துகிறோம், நாளை என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஒன்றும் தெரியாமல் தலையாட்டியதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மாணவர்களுக்கு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை வாத்தியார் கழற்றச் சொன்னால் கழற்றிவிடலாம். மோதிரத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பச்சையை என்ன செய்வது? லேசரில் அழிக்க ஒரு தடவை போதாது, பல தடவை போக வேண்டும். அந்தச் செலவு கூலி வேலை செய்யும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அழித்த பிறகும் தடம் இருக்கும்.

வேலை விஷயமும் உண்டு. நம் மாவட்டக் கிராமங்களில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகள் ஏராளம். ராணுவத்தில் முழங்கை உட்புறம் முதல் மணிக்கட்டு வரையும், புறங்கையிலும் மட்டும்தான் பச்சைக்கு அனுமதி. பழங்குடியினருக்கு மட்டும் தளர்வு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது. இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருந்தாலும், அந்தப் பகுதியின் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். நாங்கள் குத்திய வாள்களும் சிங்கங்களும் எந்தெந்தக் கையில், எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. குத்திக்கொள்ளும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒரு முறை படித்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் மாசிமகத்திலும், வடலூர் தைப்பூசத்திலும், சிதம்பரம் தேரோட்டத்திலும் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் கையை நீட்டாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர்களும் பிழைக்க வந்தவர்கள். ஆனால் ஊசியைக் கேளுங்கள். புது ஊசியை உறையோடு உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். மையைச் சின்ன மூடியில் தனியாக ஊற்ற வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் போகும், எச்ஐவியும் போகும். பச்சை குத்திய பின் ஓராண்டுக்கு ரத்ததானம் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான்.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் திருச்சியில் பச்சை குத்தும் கடையிலேயே நாக்கைப் பிளந்ததாகப் புகார் வந்து, கடைக்கு சீல் வைத்தார்கள். விபரீதம் நடந்த பிறகு சீல் வைப்பதைவிட, முன்பே வந்து ஊசியையும் மையையும் பார்ப்பது நல்லது. எங்கள் கடைகளுக்கு இதுவரை யாரும் வந்து ஊசியைக் கேட்டதில்லை. பயிற்சி, பதிவு, சோதனை மூன்றும் வேண்டும். 18 வயதுக்குக் கீழே குத்தக் கூடாது என்பது பலகையில் எழுதியிருக்க வேண்டும். திருவிழாக்களில் பிழைக்கும் குறவர், நரிக்குறவர் குடும்பங்களைத் துரத்தாமல், அவர்களுக்குப் பயிற்சியும் ஊசியும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இந்தத் தொழில் முதலில் அவர்களுடையது.

அரசு செய்யும்வரை நாங்கள் செய்யக்கூடியது எங்கள் கையில் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்கு ஆதார் அட்டை பார்த்து மறுக்கிறோம். சாதிப் பெயர் குத்துவதில்லை. “ஒன் கலருக்கு எடுக்காது” என்ற சொல் எங்கள் கடையில் இல்லை. புதிதாகக் கற்க வரும் பையன்களுக்கு முதல் ஆறு மாதம் ரப்பர் தோல்தான், ஆள் தோல் கிடையாது. நாங்கள் ஆரம்பத்தில் கெடுத்த கைகளை, ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்காமல் திருத்திக் கொடுக்கிறோம். திருத்த வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்கிறவர்களை வற்புறுத்துவதில்லை. அதுவும் அவர்கள் தோல், அவர்கள் முடிவு.

அந்த அண்ணனுக்கு வேலை தொடங்கிவிட்டது. பழைய முகத்தைத் திருத்த முடியாது. கறுப்புக் குழிகளை மேலே பெரிய தலைமுடியின் நிழலுக்குள் அடக்கி, முகத்தை இரண்டு மடங்கு பெரிதாக, ஆயா கையில் இருப்பதுபோல் தடித்த கோட்டில் வரைந்திருக்கிறோம். முதல் நாள் கோடு மட்டும் முடிந்தது. புண் ஆற மூன்று வாரம் விட்டுவிட்டு மற்றதைப் போட வேண்டும்.

எழுந்து போகும்போது கண்ணாடியில் பார்த்தார். “கண்ணு ரெண்டும் சரியா இருக்காடா?” என்று கேட்டார்.

அளந்து காட்டினோம். இரண்டும் ஒரே அளவு.